விஜயம் போட்ட முதல் வெட்டு

கீழ்வேளூரிலிருந்து கடலைப் பார்த்துப் போகிற சாலையில், நெல்வயல் முடிந்து உப்புத்தரை தொடங்கும் இடத்தில் கீழப்பாலங்குடி இருக்கிறது. அந்த ஊரில் விஜயத்தின் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் விழிப்பார்கள். 'வெயில் மேடம்' என்றால் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூடக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் விடும். வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கிற கம்பெனிக்கு அவள் மேலாளர் என்பதால் வந்த பெயர் அது. குடை பிடிக்காமல் பொட்டலில் திரிந்து கறுத்துப்போனதால் வந்தது என்றும் சிலர் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

அவள் ஒன்றும் அசலூர்க்காரி இல்லை. அந்த ஊர் மிராசுதார் நாணு ஐயரின் ஒரே பெண். அவள் பாவாடை கட்டித் திரிந்த வயதில் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. கூலி நெல்லுக்கு ஒரு சண்டை, குத்தகைக்கு ஒரு சண்டை, உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போய்விடும் என்று ஒரு பீதி. தெருவின் ஒரு முனையில் கறுப்பு சிவப்புக் கொடி, இன்னொரு முனையில் செங்கொடி, நடுவில் வாசற்கதவைச் சாத்திக்கொண்டு நாணு ஐயர். கடைசியில் வந்த விலைக்கு நிலத்தைத் தள்ளிவிட்டு மாம்பலத்துக்குக் குடிபோனார். அங்கே சாய்வு நாற்காலியில் படுத்தபடி, கோட்டையில் யார் உட்கார்ந்தாலும் அவர்களைத் திட்டியே மீதிக் காலத்தை ஓட்டிவிட்டார்.

விஜயம் மின்பொறியியல் படித்தாள். அப்பா மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து அலுத்துப்போனார். அவள் அலுத்துக்கொள்ளவே இல்லை, பார்க்கவும் இல்லை. எங்கோ ஒரு கடற்கரை ஓரத்து அனல்மின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைக்கிற வரை நிலக்கரியோடு மாரடித்தாள். ஒரு நாள் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீன்காரி வந்தாள். இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி விஜயத்தின் மேஜைமேல் 'ணங்'கென்று வைத்தாள். குடத்துத் தண்ணீர் சாம்பல் கரைந்து பழுப்பாக இருந்தது.

"எங்க ஊர்க் கெணத்துத் தண்ணி. நீ ஒரு டம்ளர் குடி. நான் பேசாமப் போயிடறேன்."

விஜயத்தால் குடிக்க முடியவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் 'மேலிடத்துக்கு எழுதுகிறேன்' என்று சொல்லி நழுவத் தெரிந்தவர்கள்தான் பிழைக்கத் தெரிந்தவர்கள். அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கொஞ்ச காலத்திலேயே வேலையை விட்டாள். சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கப் போகிறேன் என்று சின்னதாக ஒரு கம்பெனி தொடங்கியிருந்த சிங்காரவேலு என்பவரிடம் போய், "நிலத்தையும் தண்ணியையும் கெடுக்காம செய்யறதா இருந்தா நான் வரேன் சார்" என்றாள். அவரும் அதே பைத்தியம்தான். உடனே சேர்த்துக்கொண்டார்.

அது மின்வெட்டு தலைவிரித்தாடிய காலம். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிக்ஸியும் மின்விசிறியும் வீட்டுக்கு வீடு பொம்மையாக உட்கார்ந்திருந்தன. மின்சாரம் கொடுக்கிறேன் என்று யார் வந்தாலும் ஆரத்தி எடுக்க ஜனங்கள் தயார். அந்தச் சமயம் பார்த்து வளைத்துப் போட்டிருந்தால் நல்ல நஞ்சை நிலமே கிடைத்திருக்கும். கம்பெனி அதைச் செய்யவில்லை. கடல் புகுந்து உப்பாகிப்போய், புல்லுக்கும் உதவாமல் கிடந்த பொட்டலைத்தான் குத்தகைக்கு எடுத்தது. அந்தப் பொட்டல் கீழப்பாலங்குடியில் இருந்தது விஜயத்தின் தலையெழுத்து.

கிராம சபை கூடியது. விஜயம் எழுந்து நின்று கம்பெனியின் சார்பில் வாக்குக் கொடுத்தாள். நெல் விளைகிற மண்ணில் ஒரு குழி நிலத்தைக்கூடத் தொடமாட்டோம். சூரியத் தகடுகளைக் கழுவுவதற்கு நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சமாட்டோம். களைக்கொல்லி தெளிக்கமாட்டோம். ஊர்த் தண்ணீரை எந்தக் காலத்திலும் மறிக்கமாட்டோம்.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். வீரையன். காலனித் தெருக்காரர், சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்து சம்பா போடுகிறவர். அவருடைய அப்பா, நாணு ஐயர் பண்ணையில் ஆளாக இருந்தவர்.

"கம்பெனி சொல்றது இருக்கட்டுங்க. நாணு ஐயரு மவ சொல்றதுக்கு யாரு ஜவாப்தாரி?"

"நான்தான்" என்றாள் விஜயம். வீரையன் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பில் மரியாதை எதுவும் இல்லை.

வாக்கு கொடுப்பது சுலபம், அதைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் கஷ்டம். ஆனால் விஜயம் பிடிவாதக்காரி. தகடு கழுவ மழைத் தண்ணீருக்குக் குளம் வெட்டினாள். குளம் வறண்ட மாதங்களில் தண்ணீரே இல்லாமல் தூசி துடைக்கத் துடைப்பான் செய்தாள். முதலில் அவளே துடைத்துக் காட்டினாள். தகடுகளுக்கு அடியில் மண்டிய புல்லுக்குத்தான் வழி தெரியவில்லை. அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காகக் கிடை போட ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆட்டுமந்தைகள் வந்திருந்தன. அவற்றைக் கண்டதும் அவளுக்கு யோசனை வந்துவிட்டது. மந்தையின் தலைவரான கீதாரியைக் கூப்பிட்டு, "உங்க ஆட்டை உள்ள விடுங்க, புல்லை மேயட்டும்" என்றாள்.

அவரும் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு வந்தார். செம்மறியாடுகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சமர்த்தாக மேய்ந்தன. மந்தையோடு மந்தையாக நாலைந்து வெள்ளாடுகளும் இருந்ததை விஜயம் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அவை தகடுகளின் உச்சியில் ஏறி, ஊரை மேற்பார்வை பார்த்துக்கொண்டு நிற்கின்றன! கம்பெனியின் எலக்ட்ரீஷியன் முகம்மது யூசுப் தலையிலடித்துக்கொண்டு ஓடினார். மின்சாரம் எடுக்கிற இடமா, ஆட்டுச் சந்தையா என்று ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. விஜயமும் சிரித்தாள். அதன்பிறகு செம்மறி மட்டும்தான் உள்ளே போகலாம் என்று ஆனது. களைக்கொல்லி ஒரு சொட்டுக்கூட அந்த மண்ணில் விழவில்லை. ஊர்க்காரர்களுக்கு அவள்மேல் ஒரு பிரியம் வந்ததுகூட அந்த வெள்ளாட்டு நாளிலிருந்துதான்.

ஆனால் ஒரு தப்பு நடந்திருந்தது. உப்பங்கழியிலிருந்து அலைத்தண்ணீர் ஏறி வராமலிருக்கப் பொட்டலைச் சுற்றி மண்கரை போட்டிருந்தார்கள். திட்டத்தை ஒப்புக்கொள்ளும் முன் விஜயம் சித்திரை வெயிலில் நிலம் முழுவதும் நடந்து பார்த்தவள்தான். மேற்கிலிருந்து கிழக்கே வெடித்துக் கிடந்த ஒரு பள்ளத்தை, மாடு போகிற தடம் என்று நினைத்துவிட்டாள். அது வடிகால். வயல்களில் மிஞ்சுகிற மழைத் தண்ணீரெல்லாம் கடலுக்குப் போகிற வழி. விஜயத்தைப் போல ஆற்றங்கரைத் தெருவில் பிறந்தவர்களுக்கு வாய்க்கால் பெயரெல்லாம் அத்துப்படி, தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அது எங்கே போகிறது என்று அவர்கள் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. பள்ளத்தில் குடியிருந்தவர்கள் படவேண்டிய கவலை அது.

அதன்பிறகு மழை பொய்த்தது. சம்பாவுக்கே தண்ணீர் இல்லாதபோது வடிகாலைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? தப்பு மண்ணுக்கடியில் சத்தமில்லாமல் படுத்துக் கிடந்தது.

பிறகு ஒரு கார்த்திகையில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. நடவு முடிந்து, சம்பா தூர்கட்டிக்கொண்டிருந்த நேரம். விடாமல் பெய்த மழையில் வரப்புகள் மறைந்தன, பிறகு பயிரின் நுனியும் மறைந்தது. மழை சற்றே தூறலான ஒரு பிற்பகலில் யூசுப் மூச்சு வாங்க வந்து, ஊர் ஜனம் மொத்தமும் மண்வெட்டியோடு மேலக்கரையில் நிற்கிறது என்றார்.

விஜயம் கரைமேல் ஏறிப் பார்த்தாள். மேற்கே கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். கிழக்கே, கரைக்கு உள்ளே, பெய்த மழை குளத்துக்குள் வடிந்துவிட, கணுக்கால் நனைகிற அளவுகூடத் தண்ணீர் தேங்காமல் தகடுகள் வரிசையாக நின்றன. நடுவில் அவள் போட்ட கரை. யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது வடிகாலா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள்.

நடவுக்காரி பொன்னுத்தாய் முன்னால் வந்தாள். "ஒங்கள மட்டும் சொல்லி என்னங்க பண்றது? கரை போட்டப்ப நாங்களும்தான கூலிக்கு மண்ணு சொமந்தோம். காஞ்சு கெடந்த காலத்துல வடிகாலு நெனப்பு எங்களுக்கும்தான் வரல. இப்ப பேசறதுக்கு நேரமில்லங்க. விடியறதுக்குள்ள தண்ணி வடியலைன்னா பயிரு அழுகிடும்."

"அப்ப ஏன் நிக்கறீங்க? வெட்டிட வேண்டியதுதானே?"

யாரும் அசையவில்லை. அந்தப் பக்கத்தில் கரை வெட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கரை யாருடையதோ அவர்தான் முதல் வெட்டு வெட்டவேண்டும். அவர் வெட்டிவிட்டால் மற்றவர்கள் இறங்கலாம், பின்னால் வழக்கு வியாஜ்ஜியம் எதுவும் வராது. உடையவர் கைவைக்காத கரையில் அடுத்தவர் மண்வெட்டி பட்டால் அது குற்றம், போலீஸ் வரும்.

வீரையன் அவளை நேராகப் பார்த்துப் பேசினார். "இதே மாதிரி ஒரு கார்த்திகை மாசம். எங்க தெரு, எங்க வயலு எல்லாம் முங்கிப் போச்சு. ஒங்கப்பா கரைதான் மறிச்சுக்கிட்டு இருந்திச்சு. வந்து மொத வெட்டு போடுங்க சாமின்னு வாசல்ல நின்னு கத்துனோம். அவரு கதவத் தொறக்கல. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு எங்கப்பன்தான் வெட்டுனாரு. மறுநாள் போலீஸ் வந்து கூட்டிக்கிட்டுப் போச்சு."

விஜயத்துக்கு இந்தக் கதை தெரியாது. அந்த வீட்டில் இதையெல்லாம் குழந்தைகள் காதில் போடமாட்டார்கள்.

யூசுப் அவளைத் தனியே அழைத்தார். "மேடம், செல்போன் டவர் செத்துப் போச்சு. சென்னைக்கு லைன் கிடைக்கல. கரையை வெட்டினா தண்ணி நேரா நம்ம இயந்திர அறைக்குத்தான் போகும். அது போச்சுன்னா கம்பெனியே போச்சு. முதலாளியைக் கேக்காம செஞ்சா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நாளைக்குக் காலையில பேசிக்கலாம் மேடம்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. சிங்காரவேலுவுக்கு இருந்தது அந்த ஒரே மின்நிலையம். வெயிலில் மின்சாரமாவது, வெங்காயமாவது என்று கேலி செய்தவர்களெல்லாம் அது எப்போது மூழ்கும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். விஜயத்துக்கு அது வேலை மட்டும் இல்லை. அந்தச் சாம்பல் குடத்துக்கு அவள் தேடிக் கண்டுபிடித்த பதில் அந்தப் பொட்டலில்தான் நின்றுகொண்டிருந்தது. அதைத் தன் கையாலேயே மூழ்கடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊரின் ஒரு வருஷச் சோற்றை மூழ்கடிக்க வேண்டும்.

பொன்னுத்தாயின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினாள். பிறகு, "யூசுப், எல்லா இணைப்பையும் கழட்டுங்க. உள்ள ஒரு ஆள் இருக்கக்கூடாது" என்றாள். சூரியத் தகட்டுக்கு ஓய்வு கிடையாது, பகல் வெளிச்சம் இருக்கிறவரை மின்சாரம் சுரந்துகொண்டேயிருக்கும். அது தண்ணீரில் பாய்ந்து யாரையும் அடித்துவிடக்கூடாது. யூசுப் ஒவ்வொரு பெட்டியாக இணைப்பைத் துண்டித்துவிட்டு வந்து தலையசைக்கும் வரை அவள் யாரையும் கிட்டே விடவில்லை. தண்ணீர் உப்பங்கழிக்கு வெளியேறக் கீழக்கரையையும் வெட்டியாக வேண்டும். அங்கேயும் முதல் மண்ணை அவளே எடுத்துப் போட்டு, நாலைந்து பேரை வெட்டவிட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள்.

மேலக்கரையில் மண்வெட்டியை ஓங்கி ஒரு போடு போட்டாள். ஈரமண்ணில் வழுக்கி, சேறு அவள் முகத்திலேயே அடித்தது. அந்த இக்கட்டிலும் பொன்னுத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லா சாய்ச்சுப் புடிங்க மேடம். கரைய வெட்டச் சொன்னா கால வெட்டிக்கப் போறீங்க."

சாய்த்துப் பிடித்து மறுபடி வெட்டினாள். ஒரு கட்டி மண் பெயர்ந்தது. அவ்வளவுதான், ஊரே கரையில் இறங்கிவிட்டது. கோவணமும் லுங்கியும் சேலையுமாக மண்ணை வாரி எறிந்தார்கள். தண்ணீர் முதலில் நூலாகக் கசிந்தது, பிறகு கரையை அரித்துக்கொண்டு பாய்ந்தது. தகடுகளின் இரும்புக் கால்களுக்கு நடுவே புகுந்து, இயந்திர அறையின் படியைத் தாண்டி உள்ளே நுழைந்தது. யூசுப் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். விஜயம் அழவில்லை. இன்னொரு கட்டி மண்ணைப் பெயர்த்துப் போட்டாள்.

மறுநாள் மதியத்துக்குள் வயலில் பச்சை நுனிகள் தலைகாட்டின. மஞ்சளாக, சோர்ந்துபோய்த்தான் இருந்தன, ஆனால் உயிர் இருந்தது. ஊர் மூச்சு விட்டது.

அதற்கும் மறுநாள் காலையில் போலீஸ் ஜீப் வந்தது. கம்பெனியின் காவலாளி வெட்டு நடந்த அன்றே பயந்துபோய் பஸ் பிடித்து நாகப்பட்டினத்துக்கு ஓடி, அங்கேயிருந்து சென்னை அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கிறான். "ஊர்க்காரங்க கரைய வெட்டிட்டாங்க, எல்லாம் முங்கிப்போச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அங்கே இருந்த யாரோ ஒரு புத்திசாலி, முன்பின் விசாரிக்காமல் புகார் கொடுத்துவிட்டார்.

காலனித் தெருவில் ஜீப்பை நிறுத்தி இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர், "கம்பெனிக் கரையை எவன் வெட்டினது?" என்று அதட்டினார்.

வீரையன் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தாங்க. மொத வெட்டு நான் போட்டது."

அவர் வாயை மூடுவதற்குள் பொன்னுத்தாய், "நானும்தான் வெட்டினேன்" என்றாள். பின்னால் ஒவ்வொருவராக நான், நான் என்று கிளம்பினார்கள். கேட்டு வந்த ஜீப் ஒன்று, ஒப்புக்கொண்ட ஜனம் ஒரு தெரு. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வெயில் மேடம் பெயரை மட்டும் அத்தனை பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

விஷயம் தெரிந்து விஜயம் தெருவுக்கு ஓடிவந்தாள். இரவெல்லாம் பயணம் செய்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த சிங்காரவேலு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தார். மூழ்கிய இயந்திர அறையைப் பார்த்துவிட்டு வருகிறவர் அவர். முகத்தில் ஈயாடவில்லை.

விஜயம் சப்-இன்ஸ்பெக்டர் எதிரில் போய் நின்றாள். "சார், இவங்க சொல்றது பொய். ரெண்டு கரையிலயும் முதல் வெட்டு நான் போட்டது. என் பேரை எழுதிக்குங்க."

"மேடம், நீங்க சும்மா இருங்க" என்று வீரையன் பல்லைக் கடித்தார். "எங்களுக்கு ஸ்டேஷனு ஒண்ணும் புதுசில்ல. ஒங்களுக்கு வேல போயிடும்."

"போகட்டும். நான் வெட்டினதை நான்தான் சொல்லணும்."

சிங்காரவேலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "விஜயம், ஊர்த் தண்ணியை மறிக்கமாட்டோம்னு கிராம சபையில சொன்னீங்களே, அது உங்க பேர்ல சொன்னதா, கம்பெனி பேர்ல சொன்னதா?"

"கம்பெனி பேர்லதான் சார்."

"அப்ப கரையை வெட்டினதும் கம்பெனிதான்." சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "எங்க கரையை நாங்களே வெட்டினா அதுல புகாருக்கு என்ன சார் இருக்கு? வாபஸ் வாங்கிக்கறேன்." அந்த மனிதரின் சொத்து முழுக்கச் சேற்றில் கிடந்தது. அப்படி இருந்தும் குரல் பிசகவில்லை. "விஜயம், அந்த வெட்டை அடைக்க வேண்டாம். அகலப்படுத்தி, வடிகாலை வடிகாலாவே விட்டுடுங்க. வழியில நிக்கற தகடுகளைப் பேத்துடுவோம். இயந்திர அறையை மேட்டுக்கு மாத்திக்கலாம்."

மின்நிலையம் மறுபடி ஓடத் தை மாதம் ஆயிற்று. யூசுப்போடு ஊரே சேர்ந்து சேறு வாரியது. இன்றைக்கும் கீழப்பாலங்குடியில் தகடுகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நடுவில் வடிகால் ஓடுகிறது. அதெல்லாம் பிறகு நடந்தவை.

அன்றைக்கு ஜீப் திரும்பிப் போன பிறகு, கூட்டம் கலைந்தது. வீரையன் மட்டும் நின்றார். கோபம் இன்னும் ஆறவில்லை அவருக்கு.

"எதுக்குங்க நீங்க ஒத்துக்கிட்டீங்க? மொதலாளி நல்லவரா இருந்ததால தப்பிச்சீங்க."

"உங்க அப்பா உள்ள போனது போதும்னு தோணிச்சு. எப்ப விட்டாங்க அவரை?"

வீரையன் வயல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "விடலங்க. உள்ளயே செத்துப்போனாரு. அன்னிக்கு ஒங்கப்பா வெளிய வந்து, 'என் கரைதான், நான்தான் வெட்டச் சொன்னேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்கப்பன் எங்க வீட்டுல செத்திருப்பாரு."

அப்பாவுக்காகப் பரிந்து பேசவோ, காலம் அப்படி என்று சமாதானம் சொல்லவோ விஜயத்துக்கு வாய் வரவில்லை.

"சொல்லியிருக்கணும். அவர் சொல்லல" என்றாள்.

"நீங்க சொல்லிட்டீங்க" என்றார் வீரையன்.

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடிகாலை அகலப்படுத்தப் போனார். அவளும் கூடவே போனாள்.